ஐம்பத்தைந்து நிமிடம்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லாவிட்டாலும் என்னிடம் சொல்லமாட்டாய்.

நாம் எழுதிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் அதே டிக்கெட் கடையில்தான் இருக்கிறாயா? நாங்கள் வீடு மாறிவிட்டோம். நாலாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் கீழே சலவைக் கடையின் நீராவி மேலே வரும், சோப்பு வாசனையோடு. அவருக்குக் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை உறுதியாகிவிட்டது.

ஒரு சின்ன உதவி. எதிர்வீட்டுக்காரர் ஒருவர் உங்கள் ஊருக்கு வரவேண்டுமாம். இங்கிருந்து அங்கே எத்தனை கிலோமீட்டர்? விமானத்தில் எத்தனை மணி நேரம்? உனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. எழுது.

உன் தங்கை,
கடுகு

பி.கு. அக்காவுக்கு மாப்பிள்ளையின் வணக்கம். கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். முதல் தடவை எழுதியதில் தேவையில்லாத இரண்டு வரி இருந்தது, அதனால் திரும்ப எழுதச் சொன்னேன். உங்கள் அப்பாவின் வீட்டுப் பத்திரம் பற்றி என்ன முடிவு செய்தீர்கள்?

---

மார்ச் 12

கடுகுக்கு,

கடிதம் வந்தது. நானும் சாகவில்லை, கடையும் சாகவில்லை. அதே மூன்றாம் நம்பர் கவுண்டர், அதே ஆடுகிற நாற்காலி. ஊரையெல்லாம் ஏற்றி அனுப்புகிறேன். நான் இதுவரை ஒரு விமானத்திலும் கால் வைத்ததில்லை.

நீ கேட்டதற்குப் பதில். பத்தாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பதிமூன்று மணி பத்து நிமிடம். அங்கே காலை ஆறு இருபதுக்குக் கிளம்பினால் இங்கே அதே நாள் காலை பத்தரைக்கு இறங்கலாம். உங்கள் கடிகாரம் எங்களைவிட ஒன்பது மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் அப்படி.

இதற்காக நான் எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. அப்பா போன அன்று மனப்பாடம் ஆனது. உனக்குத் தந்தி கொடுத்தேன், சீட்டும் பிடித்து வைத்தேன். மறுநாள் பத்தரைக்கு இறங்கினால் பதினொன்றரைக்குள் வீடு வந்துவிடுவாய் என்று அப்பாவை எடுக்கவிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று தூக்க வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி வரை பார்த்தேன். ஒன்றரைக்கு மாப்பிள்ளையிடமிருந்து தந்தி வந்தது, உனக்குத் தலைவலி என்று.

பதிமூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு தலைவலி குறுக்கே நின்றுவிட்டது. சரி, போகட்டும். எதிர்வீட்டுக்காரருக்காவது வர மனமிருக்கிறதே. அவரை நான் கேட்டதாகச் சொல்.

மாப்பிள்ளைக்கு: பத்திரம் என் பெட்டியில்தான் இருக்கிறது. அது எங்கும் போகாது.

அக்கா

---

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா விஷயத்தில் நீ எழுதியதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ திட்டினால் அது திட்டு. வாங்கிக்கொண்டேன்.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. நான் வெளியே அதிகம் போவதில்லை. சலவைக் கடைக்காரம்மா நல்லவர்.

எதிர்வீட்டுக்காரர் மறுபடியும் கேட்கிறார். எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னாய்? பத்தாயிரத்து எண்ணூற்று நாற்பதா? எத்தனை மணி நேரம்? இன்னொரு தடவை எழுது அக்கா. எத்தனை கிலோமீட்டர் என்று மட்டுமாவது எழுது.

கடுகு

---

ஏப்ரல் 1

என் அன்புக் கடுகுக்கும் மாப்பிள்ளைக்கும்,

போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். கவுண்டரில் நாள் முழுக்க ஊரார் வசவைக் கேட்கிறவள், அதை யார் தலையிலாவது இறக்கவேண்டாமா? மாப்பிள்ளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பத்திர விஷயத்தை வக்கீலிடம் பேசுகிறேன். பெண்கள் இரண்டு பேர் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம், ஆண்பிள்ளை ஒருவர் பெயரில் இருப்பதுதான் நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது.

கடுகு, நீ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்து எனக்கு நம் மலைப்பாதைப் பயணம் நினைவுக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் அப்பா லாரியில் நம்மை ஏற்றிக்கொண்டு போனாரே, அந்த இறக்கம். உனக்கு ஆறு வயது. ஒவ்வொரு வளைவிலும், "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று கேட்டாய். "மூணு மைல்டா கண்ணு," என்பார். அடுத்த வளைவில், "ரெண்டரை." அதற்கடுத்து, "ரெண்டு." நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பதினொன்று, பத்து, ஒன்பது என்று இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவோடு நாம் எத்தனையோ பயணம் போயிருக்கிறோம். வேறு எதிலும் நீ தூரம் கேட்டதில்லை. ஏறியதும் தூங்கிவிடுவாய். அந்த ஒரு நாள்தான் கேட்டாய். இப்போதும் அப்படித்தான் கேட்கிறாயா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.

பத்தாயிரத்து எண்ணூற்று நாற்பது. பதிமூன்று மணி பத்து நிமிடம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன்.

உன் அக்கா

---

ஏப்ரல் 11, செவ்வாய்

அக்கா,

ஆமாம். மலைப்பாதைதான். அன்றைக்கு லாரிக்குப் பிரேக் இல்லை, இன்றைக்கு எனக்கு இல்லை.

இதை அவர் படிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வெளியூர்க் கிடங்கைப் பார்க்கப் போவார். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டு மணிக்கு வருவார். எட்டு என்றால் எட்டுதான். படியேறும் சத்தத்தை வைத்துக் கடிகாரம் திருத்தலாம்.

அவர் கதவைப் பூட்டுவதில்லை. என் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டு போய்விடுவார். வெறுங்காலோடு இந்தக் குளிரில் எந்தத் தெருவைத் தாண்டிவிடப்போகிறாள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான், நான் தாண்டவில்லை. போனின் டயலில் ஒரு குட்டிப் பூட்டு தொங்குகிறது. மணி அடித்தால் எடுக்கலாம். நானாக யாரையும் கூப்பிட முடியாது.

அப்பா போனதை அவர் எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார். உன் தந்தி அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. "உங்கப்பா போயிட்டாராம். இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும். குளிச்சிட்டு வந்து சாப்பாடு போடு," என்றார். எனக்குத் தலைவலியெல்லாம் இல்லை அக்கா. நான் வெறுங்காலோடு கதவுவரை போனேன். அன்றைக்குத்தான் இடது மணிக்கட்டு போனது. இன்னும் முழுதாகத் திரும்பாது. நீ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை உன் கடிதத்தில் படித்தபோது அவர் எதிரில் இருந்தார். அதனால் அழவில்லை. இப்போது அழுகிறேன்.

இனி காரியம். இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் அஞ்சலில் திரும்பி வரும். அஞ்சல்காரர் நாலு மாடி ஏறச் சோம்பி எல்லாவற்றையும் கீழே சலவைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். கடைக்காரம்மாவுக்கு நம் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி அரைகுறை. ஆனால் என் காலைப் பார்த்த அன்றே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. பாஸ்போர்ட் வந்தால் இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் ஒளித்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் போடுகிறார். நீயும் அவர் கடைக்கே எழுது, முகவரி பின்பக்கம்.

மே பதினைந்துக்குள் வரவில்லை என்றால் இவரே அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார். அதற்குள் வருகிற செவ்வாய் மே ஒன்பதுதான். அதை விட்டால் பாஸ்போர்ட் மறுபடி அவர் பெட்டிக்குள் போய்விடும்.

"எங்க வேணா போ. ஒரு போன் போதும். நகையத் திருடிட்டு ஓடுறான்னு சொன்னா பாதி வழியிலயே எறக்கி உக்கார வச்சிருவாங்க," என்று சொல்லியிருக்கிறார். சொன்னால் செய்வார். அதனால்தான் மணி நேரம் கேட்டேன். அவர் எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போது என் கால் உன் ஊர்த் தரையில் இருக்கவேண்டும். நீ சொன்ன கணக்குப்படி, இந்தக் கடிகாரத்தில் ஏழரைக்கு இறங்கிவிடுவேன். அரைமணி நேரம் மிச்சம். அந்த அரைமணியை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

எதிர்வீட்டில் யாரும் இல்லை அக்கா. அது காலி வீடு.

கடுகு

---

ஏப்ரல் 20

என் கடுகே,

உன் கடிதத்தைக் கவுண்டரில் வைத்துப் படித்தேன். எதிரில் ஒருவர் தேனிலவுக்கு டிக்கெட் கேட்டுக்கொண்டு நின்றார். எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தலைவலி என்று எழுதினேனே, என் கையை வெட்டிப் போடவேண்டும். இரண்டு வருடம் உன்னைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நேரில் வா, காலில் விழுந்து கேட்கிறேன்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. உட்கார்ந்து படி.

நான் சொன்ன கணக்கு தப்பு. அந்த நேரடி விமானத்தைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். பத்து வருடம் இதே தொழிலில் இருக்கிறவளுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பாய். உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி யார் வந்தாலும் பக்கத்து கவுண்டருக்கு அனுப்பிவிடுவேன். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரியும். எண் மனப்பாடமாக இருந்தது, அதனால் அட்டவணையைத் திறக்கவே இல்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் திறந்தேன்.

இப்போது இருப்பது இதுதான். செவ்வாய் காலை ஆறு இருபதுக்குக் கிளம்பும். ஏழு மணி இருபது நிமிடம் பறந்து, ஆறாயிரத்து நூற்று முப்பது கிலோமீட்டரில் ஒரு ஊரில் இறங்கவேண்டும். உன் கடிகாரத்தில் அப்போது மதியம் ஒன்று நாற்பது. அங்கே ஏழேகால் மணி நேரம் காத்திருக்கவேண்டும். அடுத்த விமானம் இரவு எட்டு ஐம்பத்தைந்துக்கு. அது ஆறு மணி நேரம், ஐயாயிரத்து நூற்று முப்பது கிலோமீட்டர். மொத்தம் இருபது மணி முப்பத்தைந்து நிமிடம். இங்கே எங்கள் கடிகாரத்தில் செவ்வாய் மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு இறங்குவாய்.

எட்டு மணிக்கு அவர் கதவைத் திறப்பார். எட்டு ஐம்பத்தைந்துக்கு உன் விமானம் கிளம்பும். ஐம்பத்தைந்து நிமிடம் நீ பாதி வழியில் உட்கார்ந்திருப்பாய், அவர் கையில் போன் இருக்கும். புருஷன் போன் செய்து பெண்டாட்டியை நடுவழியில் நிறுத்தியதை நான் இந்தக் கடையிலேயே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். உன்னிடம் மறைக்கமாட்டேன், எனக்கும் பயமாக இருக்கிறது.

அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தை என்னிடம் விடு. என்ன செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. ஏதாவது செய்வேன்.

கடை ஆட்களுக்கு வருடத்துக்கு ஒரு இலவச டிக்கெட் உண்டு. நான் எடுத்ததே இல்லை. இன்று முதலாளியிடம் கேட்டேன். "அதிசயமா இருக்கே, எங்கம்மா போற?" என்றார். "நான் போகல சார். ஒருத்தி வரணும்," என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டிக்கெட் உங்கள் ஊர் விமான நிலையக் கவுண்டரில் இருக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கொடுப்பார்கள்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஒன்பது நாள். உன் பதில் இங்கே வர ஒன்பது நாள். அதற்குள் நீ கிளம்பும் நேரம் வந்துவிடும். அதனால் பதில் எழுதாதே. வருவதென்றால் வா. பயம் தாங்கவில்லை, முடியவில்லை என்றால் வராதே, வேறு வழி பார்ப்போம். ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். நான் விமான நிலைய வாசலில் எப்படியும் நிற்பேன்.

காலுக்கு ஏதாவது தேடிக்கொள்.

உன் அக்கா

---

மே 9
என் கடிகாரத்தில் இரவு 7.05

அக்கா,

பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறேன். கடிகாரத்தைத் திருத்தவில்லை. இந்த ஊரில் இப்போது வெயில் அடிக்கிறது, எனக்கு அது வேண்டாம். எனக்கு அவர் நேரம்தான் வேண்டும்.

காலில் சலவைக் கடைக்காரம்மாவின் ஷூ. மூன்று அளவு பெரியது. முன்னால் துணியை அடைத்துக் கொடுத்தார். கதவருகே என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. பாஸ்போர்ட்டில் இன்னும் இஸ்திரிச் சூட்டு வாசனை இருக்கிறது.

இங்கே ஓர் அஞ்சல் பெட்டி இருக்கிறது, பத்தடி தூரத்தில். அதனால் எழுதுகிறேன். நான் வந்துவிட்டால் எனக்குப் பின்னால் இந்தக் கடிதம் வரும், சேர்ந்து படிக்கலாம். வராவிட்டால் நான் எதுவரை வந்தேன் என்று உனக்கு இது சொல்லும். ஆறாயிரத்து நூற்று முப்பது கிலோமீட்டர் வந்தேன் அக்கா. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

7.40. எதிரில் ஒரு குழந்தை என் ஷூவையே பார்க்கிறது. அதன் அம்மா திட்டி இழுக்கிறாள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அதில் ஒரு சேலை, அப்பா படம். கிளம்பும்போது கத்தரிக்கோலும் இருந்தது. கத்தரிக்கோலை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை. முதல் சோதனையிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

7.58. இப்போது வண்டியை நிறுத்தியிருப்பார்.

8.00. படி ஏறுகிறார். எனக்கு இங்கே கேட்கிறது.

8.04. ஒலிபெருக்கியில் ஒரு பெயர் கூப்பிட்டார்கள். என் பெயர் என்று எழுந்துவிட்டேன். இல்லை. வேறு யாரோ ஓர் ஆள். திரும்ப உட்கார்ந்தபோது கால் தரையில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

8.19. சீருடைக்காரர் இருவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். கழிவறைக்குப் போகலாமா? எழுந்தால் ஷூ சத்தம் போடும்.

8.23. போய்விட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் டிக்கெட்டைக் காட்டினேன். நேரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நீ என்னமோ செய்வேன் என்றாயே, செய்கிறாயா அக்கா? இன்னும் எவ்வளவு தூரம்? நீ இருந்தால் அப்பா மாதிரி ஒரு பொய்யாவது சொல்வாய். நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். மூன்று மைல், இரண்டரை மைல். எனக்கு நானே சொன்னால் வேலை செய்யவில்லை.

8.38. கூப்பிட்டுவிட்டார்கள். வரிசை நீளமாக இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு நிற்கிறேன்.

கடுகு

---

மே 19, வெள்ளி, காலை

கடுகு,

நீ பக்கத்து அறையில் தூங்குகிறாய். உன் கடிதம் நேற்று மாலை வந்தது. சேர்ந்து படித்தோம், நீ சிரித்தாய், நான்தான் அழுதேன். இருந்தாலும் கடிதம் என்று வந்தால் பதில் எழுதவேண்டும். நேரில் சொல்ல முடியாத இரண்டு விஷயம் இருக்கிறது, அதை எழுதிவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

முதலாவது, அந்த ஐம்பத்தைந்து நிமிடம். பத்து நாளாக நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ ஏறிவிட்டாய் என்று விமானக் கம்பெனியில் இருக்கும் என் தோழி காலையிலேயே சொல்லிவிட்டாள். சரியாகப் பதினொரு மணிக்கு, அங்கே எட்டு, கடைப் போனிலிருந்து உன் வீட்டுக்கு அடித்தேன். மேசையில் அப்பா வீட்டுப் பத்திரம். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாப்பிள்ளை, நான்தான். வீட்டை உங்க பேருக்கே எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டேன். வக்கீல் பக்கத்துல உக்காந்திருக்கார். பத்திரத்த ஒரு தடவ வாசிக்கிறேன், எல்லை சரியான்னு கேட்டுக்குங்க. பிழை இருந்தா இன்னைக்கே திருத்தணுமாம்."

ஷூ கழற்றுகிற சத்தம் பாதியில் நின்றது. "படிங்க," என்றார்.

படித்தேன். முத்திரைத் தாளின் தலைப்பிலிருந்து படித்தேன். பொதுப்பாதைக்குத் தெற்கு, கிழமேல் அடி நாற்பத்திரண்டு, தென்வடல் அடி அறுபது, இதில் அடங்கிய ஓட்டுக் கட்டடம், கதவு நிலை ஜன்னல் சகிதம். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்தேன். முதலாளி வந்து நின்றார். "வெளிநாட்டு லைன்ல என்னம்மா பத்திரம் படிக்கிற?" என்று மெல்லக் கேட்டார். நான் கை கூப்பினேன். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, மூன்றாம் கவுண்டரில் அவரே போய் உட்கார்ந்துகொண்டார்.

எட்டு இருபதுக்கு, "ஒரு நிமிஷம் இருங்க. இவளக் காணோம்," என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அலமாரிக் கதவு திறந்தது. குளியலறைக் கதவு. வாசல் கதவு. நான் நிறுத்தவில்லை கடுகு. காலி லைனுக்குப் பத்திரம் படித்துக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் நீ நின்றுவிடுவாய் என்று தோன்றியது.

திரும்பி வந்தார். "கீழ சலவைக் கடைக்குப் போயிருப்பா மாப்பிள்ளை," என்றேன்.

சிரித்தார். "செருப்பெல்லாம் என் வண்டியில இருக்கு. எங்க போயிடப்போறா? நீங்க நாலாம் பக்கம் படிங்க," என்றார்.

நான் நாலாம் பக்கம் படித்தேன். எட்டு ஐம்பத்தொன்றுக்குத்தான், "அக்கா, நீங்க ஏன் இவ்வளவு இழுக்குறீங்க?" என்று கேட்டார். வக்கீலுக்கு இருமல் என்றேன். எட்டு ஐம்பத்தெட்டுக்குப் போனை வைத்தேன். முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாவது விஷயம். நீ வந்ததிலிருந்து தினமும் மாலை கடையிலிருந்து வந்ததும் உன்னிடம், "இன்னைக்கு இல்ல," என்று ஒரு வார்த்தை சொல்வேன். என்ன இல்லை என்று நீ கேட்டதில்லை, ஏனென்றால் உனக்குத் தெரியும். உன்னை இங்கே கொண்டுவந்த அதே தூரம் அவருக்கும் இருக்கிறது. தோழியிடம் சொல்லி அந்த விமானத்தின் பயணிகள் பட்டியலை நாள் தவறாமல் பார்க்கிறேன்.

நேற்று நான் அதைச் சொல்லவில்லை. கடிதம் வந்த சந்தோஷத்தில் நீ கவனிக்கவில்லை. நேற்றுத்தான் முதல்முறையாக விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாய். எழுப்ப மனம் வரவில்லை.

பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மே 23, செவ்வாய். மாலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு இறங்குகிறார்.

அப்பாவாக இருந்தால் இன்னும் பத்து மைல் இருக்கிறது என்று சொல்லியிருப்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஓட்டியிருப்பார். அன்றைக்கு அவர் சொன்ன பொய்யால்தான் நீ அழாமல் வந்தாய், எனக்குத் தெரியும். ஆனால் மைல்கல்லைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தவள் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உனக்குப் பொய்யும் சொல்லமாட்டேன், வாயையும் மூடமாட்டேன். நமக்கு நாலு நாள் இருக்கிறது.

வேறு ஊருக்குப் போகவேண்டுமென்றால் இன்றைக்கே இரண்டு டிக்கெட் போடுகிறேன். நானும் முதல்முறையாக விமானம் ஏறினதாக இருக்கும். இங்கேயே நிற்பதென்றால் நானும் நிற்கிறேன். உனக்கு எது வேண்டுமோ அது. நான் தீர்மானிக்கமாட்டேன், இதுவரை எல்லோரும் உனக்காகத் தீர்மானித்தது போதும்.

கேட்டாயே, இன்னும் எவ்வளவு தூரம் என்று. நான் எழுதுகிற இந்த மேசையிலிருந்து உன் கட்டில் பதினாலு அடி. டேப் வைத்து அளந்தேன்.

உன் அக்கா

---

அதே நாள், 9.10
உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன்

அக்கா,

படித்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஓடவேண்டாம். முதலாளியிடம் அரை நாள் விடுப்பு கேள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் உன் வக்கீலிடமும் போகலாம். அப்படி ஒரு வக்கீல் இல்லை என்றால் இன்றைக்கு ஒருவரைப் பிடிப்போம். மணிக்கட்டை அவர்களிடம் நானே காட்டுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கடைக்குப் போகவேண்டும். என் அளவு ஐந்து.

கடுகு